ரவிவர்மாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

ரவிவர்மாவைப் பற்றி எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் நான்கைந்து வரிக்குள் அந்த வார்த்தை வந்துவிடும். எண்ணெய் வண்ண ஓவியத்தை அவர் "தானாகவே கற்றுக்கொண்டார்". ஆங்கிலத்திலும் அப்படித்தான், தமிழிலும் அப்படித்தான். நானும் பல வருஷம் அதை நம்பினேன். பழைய பதிவு ஒன்றில் அதே வார்த்தையைப் போட்டு எழுதியும் இருக்கிறேன். அதைத் திருத்தத்தான் இந்தப் பதிவு.

நான் ஓவியன் இல்லை. பி.ஈ. முடித்து இருபது வருஷத்துக்கு மேலாக கோடு அடித்துச் சம்பாதிக்கிறவன். வார இறுதியில் இந்த மாதிரி எதையாவது தோண்டிக்கொண்டிருப்பேன். எனக்கும் ஓவியத்துக்கும் உள்ள ஒரே ரத்த சம்பந்தம் ஆலங்குளத்தில் இருக்கும் என் தாய்மாமா. எழுபதைத் தாண்டியவர். கடை போர்டு, கட்சிச் சுவர், லாரி முகப்பு, சினிமா பேனர் என்று எல்லாம் வரைந்த 'ஆர்ட்டிஸ்ட்'. ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்தத் தொழில் போய்விட்டது. "யாரு மாமா உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?" என்று சின்ன வயசில் கேட்டால் ஒரே பதில்தான். "யாரும் சொல்லிக்குடுக்கல. நின்னு பாத்தேன்." அந்தப் பதிலுக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் திருவிதாங்கூர் கதை. நம் ஊர்க்காரர்களுக்கு அது வெளிநாட்டுக் கதை இல்லை. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தது. ஆரியங்காவு ஏறி இறங்கி, புனலூர், அஞ்சல், ஆயூர் வழியாக திருவனந்தபுரம் போனால் நடுவில் கிளிமானூர் வரும். ரவிவர்மா 1848 ஏப்ரல் 29-ல் பிறந்தது அந்த ஊர் அரண்மனையில்.

அவருடைய மாமா ராஜ ராஜ வர்மா தஞ்சாவூர் பாணியில் வரைகிறவர். அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் மதுரைப் பக்கத்து அழகிரி நாயுடு. சுவாதித் திருநாள் அரசவையின் ஓவியர். ஆக, ரவிவர்மாவின் முதல் பாடமே ஒரு தமிழ் ஓவியரிடமிருந்து அவர் மாமா வழியாக வந்தது. பையன் அரண்மனைச் சுவரில் கரியால் கிறுக்கிக்கொண்டிருந்ததை மாமா பார்த்து, அடிப்பதற்குப் பதிலாக அவனுக்கு வரையச் சொல்லிக்கொடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1862-ல் பதினாலு வயசுப் பையனை மாமா திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப் போகிறார். ஆயில்யம் திருநாள் மகாராஜாவுக்குப் பையனைப் பிடித்துப்போகிறது. அங்கேயே தங்கிப் படிக்க ஏற்பாடாகிறது.

அங்கே எண்ணெய் வண்ணம் தெரிந்தவர் ஒருவர் இருந்தார், ராமசாமி நாயக்கர். இவரும் மதுரைக்காரர். பையனின் கையைப் பார்த்ததுமே போட்டிக்காரன் என்று புரிந்துவிட்டது போல. சொல்லித்தர மாட்டேன் என்றுவிட்டார். பிறகு 1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவின் உருவப்படம் வரைய வந்தார். டென்மார்க்கில் பிறந்து இங்கிலாந்தில் தொழில் செய்தவர். அவரும் சொல்லித்தர மறுத்தார். மகாராஜா சொன்னதால், வரையும்போது பையன் நின்று பார்க்கலாம் என்ற அளவுக்கு இறங்கிவந்தார். அவ்வளவுதான்.

இந்த இரண்டு மறுப்பும் சேர்ந்துதான் 'தானாகவே கற்றவர்' என்ற பட்டத்தை உண்டாக்கின. ஆனால் இரண்டுக்கும் நடுவில் இன்னொருவர் இருக்கிறார். ராமசாமி நாயக்கரின் உதவியாளர் ஆறுமுகம் பிள்ளை. தன் ஆசானுக்குத் தெரியாமல் ராத்திரியில் வந்து, எண்ணெயை எப்படிக் கலப்பது, வண்ணத்தை எப்படிக் கையாள்வது என்று ரவிவர்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று வாழ்க்கை வரலாறுகளே எழுதுகின்றன. எழுதிவிட்டு, அதே பக்கத்தில் 'தானாகவே கற்றார்' என்றும் எழுதுகின்றன. இரண்டையும் ஒரே ஆள் எப்படி எழுத முடிகிறது என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

ஆறுமுகம் பிள்ளை சொல்லிக்கொடுத்தது அப்படி என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். வண்ணம் கலக்கிறதுதானே? அங்கேதான் எண்ணெய் வண்ணத்தின் குணத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நம் பலகைப் படத்தில் (தஞ்சாவூர் ஓவியத்தைப் பழைய ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள்) வேலையின் வரிசை கண்ணுக்குத் தெரியும். பலாப் பலகை, மேலே துணி, அதன்மேல் சுண்ணாம்புத் தூளும் புளியங்கொட்டைப் பசையும் சேர்ந்த பூச்சு. அதன்மேல் கோடு. நகை வரும் இடத்தில் மேடு எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, பிறகு வண்ணம். ஒரு பழைய பலகையின் மூலை பெயர்ந்திருந்தால் போதும், முழுப் பாடமும் அந்த மூலையில் கிடக்கும். வண்ணம் தண்ணீர் சம்பந்தப்பட்டது என்பதால் தடவிய உடனே காய்ந்துவிடும். பக்கத்து வண்ணத்தோடு இழைத்துக் கலக்க நேரம் இருக்காது. அதனால் தட்டையான நிறமும் தெளிவான கோடும்தான் அதன் அழகு. குற்றாலம் சித்திர சபையில் சிலைக்குப் பதிலாக நடராசரே ஓவியமாக இருக்கிறார். அங்கேயும் சுவரைக் கூர்ந்து பார்த்தால் கோடு எங்கே முடிகிறது, நிறம் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்லிவிடலாம்.

எண்ணெய் அப்படி இல்லை. ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றில் இருக்கும் ஆக்சிஜனை உள்ளே இழுத்து, கெட்டியாகித் தோல் பிடிக்கிறது. காயும்போது எடை கொஞ்சம் கூடவே செய்யும்! அதற்கு நாள்கணக்கில் ஆகும். அந்த நாட்களில் ஓவியன் கன்னத்தின் வெளிச்சத்தையும் நிழலையும் ஒன்றுக்குள் ஒன்று இழைத்துவிடலாம். மனிதத் தோல் தோல் மாதிரித் தெரிவது இந்த ஈரத்தால்தான். ஆனால் இதே ஈரம் ஒரு நிபந்தனையும் வைக்கிறது. கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேல் அடுக்கில் அதிகமாகவும் இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால், மேலே முதலில் காய்ந்து, கீழே பிறகு அசைந்து, படம் வெடிக்கும். ஈய வெள்ளை சீக்கிரம் காயும், சில கறுப்புகள் காயவே காயாது. கித்தானுக்கு முதலில் வச்சிரம் மாதிரி ஒரு பசை தடவாமல் நேரடியாக எண்ணெய் பட்டால் துணி மக்கிவிடும்.

இதில் ஒன்றுகூட முடிந்த படத்தில் தெரியாது. என் தொழில் பாஷையில் சொன்னால், முடிந்த எண்ணெய் ஓவியம் கம்பைல் பண்ணிய பைனரி. சோர்ஸ் கோடு உள்ளே எங்கேயோ புதைந்துவிட்டது. ராமசாமி நாயக்கர் தன் படங்களைக் காட்டிவிட்டு ரகசியத்தைக் காப்பாற்ற முடிந்தது இதனால்தான். அழகிரி நாயுடுவால் ஒரு பலகைப் படத்தை வைத்துக்கொண்டு அப்படி ரொம்ப நாள் காப்பாற்றியிருக்க முடியாது.

அப்படியானால் ஜென்சன் வரையும்போது பார்த்தது? அது பெரிய விஷயம்தான், ஒத்துக்கொள்கிறேன். எந்த நிறம் முதலில் வருகிறது, எங்கே தூரிகையை நிறுத்துகிறார், எப்போது பின்னால் போய் நின்று பார்க்கிறார், எல்லாம் கண்ணில் விழும். ஆனால் கிண்ணத்தில் எண்ணெய் எவ்வளவு, டர்பன்டைன் எவ்வளவு என்பது பத்தடி தள்ளி நிற்கிறவனுக்குத் தெரியாது. பார்த்ததைப் புரிந்துகொள்ளவே முன்னால் யாராவது கொஞ்சம் சொல்லியிருக்க வேண்டும். ஆறுமுகம் பிள்ளை அதைத்தான் செய்தார் என்பது என் ஊகம். அந்த ராத்திரிப் பாடம் இல்லாமல் ஜென்சன் பக்கத்தில் நின்றிருந்தால், ரவிவர்மா ஒரு வேடிக்கை பார்க்கிற பையனாக மட்டும் நின்றிருப்பார்.

அடுத்து நடந்தது வேகமானது. 1870-ல் கோழிக்கோட்டில் கிழக்கே பாலாட்டு கிருஷ்ண மேனன் குடும்பத்தைக் காசு வாங்கி வரைகிறார். 1873-ல் சென்னைக் கண்காட்சியில் கவர்னரின் தங்கப் பதக்கம், அதே வருஷம் வியன்னாவிலும் பரிசு. ஜென்சன் வந்த வருஷத்திலிருந்து எண்ணினால் ஐந்தே வருஷம். அதற்குப் பின் பரோடா, மைசூர், 1893-ல் சிகாகோவுக்குப் போன பத்துப் படங்கள், 1894-ல் பம்பாயில் ஆரம்பித்த லித்தோ அச்சகம் எல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை. அச்சகத்திலிருந்து நம் பூஜையறைக் காலண்டர் வரைக்கும் வந்த வழி தனிப்பதிவு கேட்கும். கோவில்பட்டி கொண்டையராஜு பக்கத்து ஊர்க்காரர், அவரை இரண்டு வரியில் முடிக்க மனசில்லை.

இனி படங்கள். போன டிசம்பரில் மாமாவைக் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரம் மியூசியத்துக்குப் போனேன். மாமா ரவிவர்மாவை அச்சில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். தொழில் பண்ணின காலத்தில் லட்சுமி, சரஸ்வதி போடச் சொன்னால் அந்த அச்சுப்படத்துக்குக் கட்டம் போட்டுத்தான் பெரிதாக்குவாராம். ஒரிஜினல் முன்னால் நின்றது இதுதான் முதல் தடவை.

'அன்னமும் தமயந்தியும்' (1899) படத்தின் முன்னால் அவர் நின்ற நேரம் எனக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. கூட்டம் பின்னால் நெருக்குகிறது, இவர் நகர மாட்டேன் என்கிறார். சிவப்புச் சேலை, எதிரே அன்னம், நளன் பெயரைக் கேட்டுக்கொண்டிருக்கும் முகம். நான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா சேலைக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கம் ஒரு பொட்டு கெடயாது மருமவனே, பாத்தியா?"

"ஜரிகை தங்கமாத்தான மாமா தெரியுது?"

"தெரியுதுல்லா. கிட்ட வந்து பாரு. அடியில காவி. அதுக்கு மேல மஞ்ச. மஞ்சளும் எல்லா எடத்துலயும் இல்ல. மடிப்பு திரும்புத எடத்துல மட்டும் வெள்ளைய ஒரு தொடு தொட்டு விட்டுருக்கான். பக்கத்துல கறுப்பு இருக்கதுனால அது தங்கமா மின்னுது. மூணு கலர்தான்."

அந்த நிமிஷத்தில் எனக்கு ரவிவர்மா முழுசாக வேறு மாதிரி தெரிந்தார். தஞ்சாவூர்ப் பலகையில் தங்கம் என்றால் தங்கம்தான். ரேக்கு ஒட்டியாக வேண்டும். அதுதான் பக்தி, அதுதான் விலை. ரவிவர்மா அந்தப் பலகையின் ஆசையை அப்படியே வைத்துக்கொண்டார். நகையும் ஜரிகையும் முத்தும் அவர் படத்தில் முகத்துக்குச் சமமாக நிற்கின்றன. ஐரோப்பிய உருவப்படக்காரர் யாரும் ஒரு மூக்குத்திக்கு இவ்வளவு நேரம் செலவழிக்க மாட்டார். ஆனால் தங்கத்தை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காவியையும் மஞ்சளையும் வெள்ளையையும் வைத்தார். ஆசை மாமாவிடமிருந்து வந்தது, அதற்கு அழகிரி நாயுடு வழி. கை எண்ணெய் தெரிந்தவர்களிடமிருந்து வந்தது. ஆறுமுகம் பிள்ளை வாயால் சொன்னது ஒரு பாதி, ஜென்சன் தெரியாமல் காட்டியது ஒரு பாதி. இதில் அவருடையது எது என்றால், இரண்டையும் ஒரே சேலைக் கரையில் சேர்க்கலாம் என்று தோன்றியது. அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அது 'தானாகவே கற்றது' என்று சொல்லக்கூடிய விஷயமும் இல்லை.

'பாரம்பரிய முறை' என்ற வார்த்தையிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. இன்றைக்கு ஆளிவிதை எண்ணெய், ஈய வெள்ளை, கித்தான் என்று வரைகிறவர்களைப் பாரம்பரிய முறை ஓவியர் என்கிறோம். 1868 திருவனந்தபுரத்தில் அது புத்தம் புதிய வெளிநாட்டுச் சரக்கு. பிழிந்து எடுக்கிற ட்யூப் வண்ணத்துக்கே 1841-ல்தான் காப்புரிமை வாங்கினார்கள். ரவிவர்மாவுக்குப் பாரம்பரியம் என்பது புளியங்கொட்டைப் பசை. அதை விட்டுவிட்டு வந்துதான் அவர் இன்றைய 'பாரம்பரிய' ஓவியர் ஆனார்.

இவ்வளவு சொன்னபிறகு குறையையும் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் இது விமர்சனம் ஆகாது, காலண்டருக்கு மாலை போடுவதாகிவிடும்.

அவருடைய படங்களில் ஒற்றை ஆள் இருக்கும்போது இருக்கும் உயிர், கூட்டம் இருக்கும்போது இருப்பதில்லை. மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கும் 'இசைக் கலைஞர்கள்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1889 வாக்கில் வரைந்தது. பதினொரு பெண்கள், இந்தியாவின் வெவ்வேறு பகுதிக்காரர்கள், வெவ்வேறு உடை, சில கைகளில் வாத்தியம். ஒவ்வொருத்தியையும் தனியாக வெட்டி எடுத்தால் ஒவ்வொன்றும் நல்ல உருவப்படம். சேர்த்துப் பார்த்தால், ஒருத்தியின் பாட்டை இன்னொருத்தி கேட்கிற மாதிரியே இல்லை. கல்யாண வீட்டில் போட்டோக்காரர் "எல்லாரும் கிட்ட வாங்க" என்று சொன்னபிறகு நிற்கிற நிற்பு அது.

1898-ல் வரைந்த சகுந்தலை தப்பித்துக்கொள்கிறாள். காலில் முள் தைத்த மாதிரி பாவனை பண்ணி, தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்கிறாள். நாம் பார்ப்பது அவளை, அவள் பார்ப்பது படத்தில் இல்லாத துஷ்யந்தனை. அந்த ஒரு கழுத்துத் திருப்பத்தில் கதை முழுவதும் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் இருக்கும் தோழிகளை இரண்டு நிமிஷம் பாருங்கள். அவள் சாய்வதற்கு ஒரு தோள் வேண்டும் என்பதற்காக வந்தவர்கள்.

ஆனந்த குமாரசாமி 1907-லேயே ரவிவர்மா படங்களில் நாடகத்தனம் இருக்கிறது என்று கடுமையாக எழுதினார். சகோதரி நிவேதிதாவும் அதே பக்கம். வங்காளத்தில் புது ஓவியப் பாணி எழுந்துகொண்டிருந்த நேரம், ரவிவர்மாவைத் தள்ளினால்தான் அதற்கு இடம். அந்த விமர்சனத்தில் பாதி நியாயம் என்று எனக்குப் படுகிறது. நாடகத்தனம் இருப்பது உண்மை. ஆனால் காரணம் அவர்கள் சொன்ன மாதிரி இந்திய மனசு இல்லாமல் போனதோ, மேல்நாட்டு மோகமோ இல்லை. நாடக மேடையில்கூட நடிகர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள்! காரணம் அதைவிடச் சாதாரணமானது என்று நினைக்கிறேன். திருத்த ஆள் இல்லை.

நின்று பார்த்து எதைக் கற்கலாம், எதைக் கற்க முடியாது? கை எப்படிப் போகிறது என்பதைக் கற்கலாம். ராத்திரியில் ஒருவர் வந்து சொன்னால் பொருளின் குணத்தைக் கற்கலாம். ஆனால் நீ வரைந்ததைப் பார்த்து "இந்தப் பொண்ணு இவளைக் கவனிக்கல, அழிச்சிட்டுத் திரும்பப் போடு" என்று பகலில், எல்லார் முன்னாலும் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஐரோப்பிய ஓவியப் பள்ளிகளில் மாணவனுக்கு வருஷக்கணக்கில் நடப்பது இந்தத் திருத்தல்தான். பல உருவங்களை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், ஒரே சம்பவத்துக்குள் நிறுத்துவதை அங்கே விடாமல் பழக்குவார்கள். ஜென்சன் ரவிவர்மாவின் ஒரு படத்தையாவது திருத்தியிருந்தால்! ஆறுமுகம் பிள்ளையால் அதைச் செய்திருக்க முடியாது. அவர் உதவியாளர், மாணவன் அரண்மனைப் பிள்ளை, வந்ததோ திருட்டுத்தனமாக. 'தானாகவே கற்றார்' என்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். படங்களில் அது நிஜமாகவே தெரிகிற இடம் இந்தப் பலவீனம்தான்.

எனக்கு இது கொஞ்சம் சொந்த விஷயமும்கூட. வரலாற்று ஆராய்ச்சியை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. என் தவறுகளைத் திருத்தினவர்கள் எல்லாம் பின்னூட்டத்தில் வந்து திட்டியவர்கள். மைசூரில் இருக்கும் 'விளக்கேந்திய பெண்' படத்தை ரவிவர்மாவுடையது என்று ஒருமுறை எழுதி, வாசகர் ஒருவரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். அது எஸ்.எல்.ஹல்தங்கர் வரைந்தது, அதுவும் நீர்வண்ணம். பாதி இந்தியா பண்ணுகிற தப்பு என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். திருத்தினவருக்கு நன்றி சொன்னேனா என்று இப்போது தேடிப் பார்த்தேன். சொல்லவில்லை.

ரவிவர்மா தனியாக வரைந்தார் என்பதும் முழு உண்மை இல்லை. தம்பி சி.ராஜ ராஜ வர்மா கூடவே இருந்தார். ஊர் ஊராகப் போவதும், கமிஷன் பேசுவதும், பல படங்களில் பின்னணி இயற்கைக் காட்சியைப் போடுவதும் அவர். அவர் ஆங்கிலத்தில் எழுதிய நாட்குறிப்பு 2005-ல் புத்தகமாக வந்தது. அதைப் படித்தால் ஒரு மேதையின் வாழ்க்கை மாதிரி இருக்காது, ஒரு பட்டறையின் கணக்குப் புத்தகம் மாதிரி இருக்கும். இந்தப் படம் இன்றைக்கு இவ்வளவு முடிந்தது, அந்த முகத்தை மறுபடி தொட வேண்டும், இன்னார் உட்கார வரவில்லை, என்ற தொனியில். எனக்கு ரவிவர்மா மேல் மரியாதை கூடியது அதைப் படித்தபிறகுதான். தம்பி 1905-ல் இறந்தார், அண்ணன் 1906 அக்டோபர் 2-ல். தங்கை மங்களாபாயும் ஓவியர். மாமா, தம்பி, தங்கை என்று ஒரு வீடு முழுக்க வரைந்துகொண்டிருந்த இடத்தில் 'தானாக' என்ற வார்த்தைக்கு எங்கே இடம்?

தம்பியின் பெயராவது நாட்குறிப்பால் நின்றது. ஆறுமுகம் பிள்ளைக்கு அதுவும் இல்லை. ரவிவர்மா வாழ்க்கையில் ஒரு வாக்கியமாக வந்து போய்விடுகிறார். அவர் வரைந்தது என்று சொல்லிப் பார்க்க ஒரு படம் நம் கையில் இல்லை. நாயக்கருக்குத் தெரிந்திருந்தால் வேலை போயிருக்கும். ஒரு தொழில் ரகசியத்தை வெளியே சொல்வது எவ்வளவு பெரிய ஆபத்து என்று கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காசுக்காகச் சொன்னாரோ, பையன் மேல் பிரியமோ, ஆசான் மேல் கோபமோ. எதுவாக இருந்தாலும் அவர் அதைச் சொன்னார்.

திரும்பி வரும்போது தென்மலையில் டீ குடிக்க நிறுத்தினோம். மாமா இன்னும் ஜரிகையிலேயே இருந்தார். கிளாஸ் மேல் விரலால் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். நான் ஆறுமுகம் பிள்ளை கதையை அவருக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"எனக்கும் ஒருத்தன் இருந்தாம்லா," என்றார்.

திருநெல்வேலியில் ஒரு பேனர் கம்பெனியாம். மாமாவுக்குப் பதினேழு பதினெட்டு வயசு. பெரிய ஆர்ட்டிஸ்ட் முகம் போடும்போது யாரையும் கிட்டே விட மாட்டாராம். இவர் எடுபிடி வேலைக்குப் போனவர். துணிக்கு வச்சிரம் காய்ச்சித் தடவுவது, தூரிகை கழுவுவது. கலர் கலக்கிற பையன் ஒருவன் இருந்திருக்கிறான். இவரைவிட ரெண்டு மூணு வயசு பெரியவன். பவுடர் கலரை லின்சீட் ஆயிலில் எவ்வளவு நேரம் குழைக்க வேண்டும், முகத்து நிறத்துக்கு எந்தச் சிவப்பு, மழைக்காலத்தில் எவ்வளவு டர்பன்டைன் என்று மத்தியானம் ஆர்ட்டிஸ்ட் சாப்பிடப் போகிற நேரத்தில் அவன்தான் சொல்லிக்கொடுத்தானாம். பழைய பேனர் துணியின் பின்பக்கத்தில் போட்டுப் பழகச் சொன்னதும் அவன்தான்.

"இத்தன வருஷமா நின்னு பாத்தேன், நின்னு பாத்தேன்னுதான சொன்னீங்க?"

"பாக்கத்தான செஞ்சேன்." கொஞ்சம் கோபம் வந்துவிட்டது அவருக்கு. பிறகு தணிந்து, "ஆமா. அவன் சொன்னதுனாலதான் பாக்கத் தெரிஞ்சுது," என்றார்.

பெயர் கேட்டேன். யோசித்தார். ஒரு பெயர் சொன்னார், உடனே அது இல்லை, அது அவன் தம்பி பெயர் என்றார். ஆரியங்காவு வருவதற்குள் இன்னும் இரண்டு பெயர் சொல்லி, இரண்டையும் அவரே மறுத்தார். செங்கோட்டை தாண்டி இருட்டிவிட்டது. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"இடதுகைக்காரன்," என்றார் திடீரென்று. "எல்லாத்தையும் இடது கையாலதான் கலக்குவான். நானும் அவன பாத்துப் பாத்து கொஞ்ச நாள் இடது கையால கலக்குனேன், பெறகு மாத்திக்கிட்டேன்."

ஊர் வந்து இறங்கும்வரை பெயர் வரவில்லை. வந்தால் போன் பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறார்.